நஞ்சுக்கொடியைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டா?

மாட்டுக்காரி:
எங்கள் கிடேரி தலையீற்று ஈன்றபோது, நஞ்சு விழுந்த பிறகுதான் கன்றை மடியில் விடவேண்டும் என்றார் அத்தை. அது விழ எட்டு மணி நேரம் ஆனது. நாய் இழுத்துப் போகாமல் இருக்க நான்தான் காவல். மாமா அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவதற்கு முன் விரித்துப் பார்த்தேன். சவ்வு முழுக்கச் சிவப்பு வட்டங்கள், சில உள்ளங்கை அகலம். எழுபது வரை எண்ணிச் சலித்துப்போனது.

நாலாம் நாள் கன்றுக்குக் கழிச்சல். பார்க்க வந்த டாக்டரிடம் அந்த வட்டங்களைப் பற்றிக் கேட்டேன். கர்ப்பப்பையில் உள்ள குமிழ்களை அவை பொத்தான் போலக் கவ்வியிருக்குமாம். தாயின் ரத்தமும் கன்றின் ரத்தமும் அங்கே அருகருகே ஓடும், கலக்காது. சர்க்கரை, அமினோ அமிலம், கால்சியம், ஆக்சிஜன் எல்லாம் இடையில் உள்ள படலங்களைத் தாண்டிவிடும். நோய் எதிர்ப்புப் புரதம் மட்டும் மாட்டில் தாண்டாது. அது சீம்பாலில்தான் வரவேண்டும். கன்றின் குடலோ முதல் சில மணி நேரம்தான் அதை நன்றாக உறிஞ்சும், ஒரு நாள் கழிந்தால் அநேகமாக உறிஞ்சவே உறிஞ்சாது. நாங்கள் எட்டு மணி நேரம் பட்டினி போட்டிருக்கிறோம்! கன்று தேறியது, ஆனால் நோஞ்சான். அடுத்த ஈற்றில் அரை மணிக்குள் ஊட்டினேன். அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

பட்டிக்காரன்:
என் வெள்ளாடு நிறைசினையில் தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூச்சில் நகப்பூச்சு வாடை. குட்டிகள் பெரும்பாலும் கடைசி ஆறு வாரத்தில்தான் வளருமாம். வயிற்றை அவை அடைத்துக்கொள்வதால் ஆட்டால் நிறையத் தின்ன முடியாது, ஆனால் நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குப் போகும் குளுக்கோஸ் போய்க்கொண்டேதான் இருக்கும். தாய் தன் கொழுப்பைக் கரைத்துக் கரைத்து, கடைசியில் அதுவே விஷமாகிவிடும். குளுக்கோஸ் ஏற்றி ஆட்டைக் காப்பாற்றினோம். இரட்டை என்று நினைத்திருந்தேன், போட்டது மூன்று. ஒன்று தங்கவில்லை. இப்போதெல்லாம் கடைசி மாதம் கம்பும் மக்காச்சோளமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போடுகிறேன்.

மாடிவீட்டு நாய்க்காரர்:
நாய்க்கு நஞ்சு, குட்டியின் இடுப்பில் பட்டை கட்டியது போல இருக்கும், ஓரம் கரும்பச்சை. எங்கள் நாய்க்கு முதல் குட்டி வருமுன்பே பச்சை நீர் வந்தது. நஞ்சு கழலத் தொடங்கிவிட்டது, குட்டிக்கு ஆக்சிஜன் நின்றுவிடும் என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். நாலு குட்டி. நாலும் இப்போது என் செருப்பில்தான் பல் தேய்க்கின்றன.