இன்சைட் அவுட் 2: பாதியில் நிறுத்தினதால வந்த ராத்திரி பயம்

பொண்ணுக்கு 6 வயசு. 'இன்சைட் அவுட்' கார்ட்டூன் படத்தோட முதல் பாகத்தைப் பல தடவை பார்த்தவ, பயந்ததே இல்லை. இரண்டாம் பாகம் (2024, 96 நிமிஷம்) போன சனிக்கிழமை வீட்டு டிவியில் ஓடுச்சு. கடைசி ஹாக்கி மேட்ச் வரை சிரிப்புதான். கதையில வர்ற பொண்ணு ரைலி பெனால்டி பாக்ஸ்ல (தப்பாட்டம் ஆடினவங்களை உட்கார வைக்கிற இடம்) உட்காருற காட்சியில சிக்கல். ரைலியோட மனசுக்குள்ளே ஆங்சைட்டி (பதற்றம்ங்கிற உணர்ச்சியா வர்ற கதாபாத்திரம்) கன்சோலைச் (உணர்ச்சிகள் அவளை இயக்குற மேசை) சுத்தி ஆரஞ்சுச் சூறாவளியாச் சுழலும், வெளியே ரைலிக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும். என் பொண்ணு அலறிட்டா, டிவியை அங்கேயே அணைச்சாச்சு. அதுதான் தப்பு போல. சூறாவளி அடங்கினதை அவ பார்க்கவே இல்லையே.

இன்னைக்கு 6-வது நாள். பகல்ல நல்லா விளையாடுறா. லைட் அணைச்சதும் நெஞ்சுல கை வெச்சு "எனக்கும் சுத்துது"ங்கிறா. டாக்டர் பார்த்துட்டார், உடம்புல கோளாறு இல்லை.

"வெறும் கார்ட்டூன்தான்"னு சொன்னது எடுபடலை. 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுற மூச்சுப் பயிற்சியைப் படுக்கையில் ஆரம்பிச்சா, மூச்சையே கவனிச்சு இன்னும் மிரளுறா. கண்ணுல படுற 5 பொருளைச் சொல்ல வைக்கிறது கொஞ்சம் கேக்குது, ஆனா இருட்டுல எதைப் பார்ப்பா? ஆங்சைட்டியை வரையச் சொன்னா தாள் முழுக்க ஆரஞ்சுக் கிறுக்கல், முகமே இல்லை.

விட்ட இடத்துலேர்ந்து, ஆங்சைட்டி நாற்காலியில சாஞ்சு டீ குடிக்கிற இடம் வரைக்கும், பகல்ல சத்தம் குறைச்சு மடியில வெச்சுக் காட்டிடலாமா, இல்லை கொஞ்ச நாள் படத்தையே தொடாம இருக்கணுமா?