மறு: ‘ஃப்ரீசைக்கிள்’ என்பதற்குத் தமிழ் – ‘தருபுழக்கம்’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சுற்றுச்சூழல் சொற்பட்டியலைத் தமிழாக்கிவரும் தம்பி கேட்ட கேள்விக்கு ஒரு வாரமாக மடல்கள் வந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் படித்துவிட்டே எழுதுகிறேன். வீட்டில் இனித் தேவைப்படாத கட்டிலையோ மிதிவண்டியையோ இணையக் குழுவில் அறிவித்து, கேட்டு வருபவருக்குக் காசு வாங்காமல் தந்துவிடுகிற, ஆங்கிலத்தில் ‘ஃப்ரீசைக்கிள்’ எனப்படுகிற செயலுக்குத் தமிழில் சொல் வேண்டும் என்பது கேள்வி. எங்கள் குடியிருப்பில் அப்படியொரு வாட்ஸ்அப் குழுவை நான்கு ஆண்டுகளாக நான்தான் கவனித்துவருகிறேன். சொல் பிசகினால் பொருள் கைமாறாமலே நின்றுவிடும் என்பதை நேரில் பார்த்தவள் என்ற உரிமையில் சற்று நீளமாக எழுதுகிறேன்.

> ஃப்ரீசைக்கிள் என்றே ஒலிபெயர்த்துவிடலாமே. அது ஓர் அமைப்பின் பெயர்தானே?

ஐயா, அமைப்பின் பெயர் என்பதாலேயே கூடாது என்கிறேன். 2003 மே 1 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில், டெரான் பீல் என்பவர் முப்பது நாற்பது நண்பர்களுக்கும் சில தொண்டு நிறுவனங்களுக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் தொடங்கியது அது. ஒதுக்கப்பட்ட நல்ல பொருள்களுக்கு ஆள் தேடி ஊரெல்லாம் வண்டியில் அலைவதற்குப் பதில் ஒரே மடலில் எல்லோரையும் கேட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பெயர் பரவியது, மக்கள் அதை வினைச்சொல்லாகவே பேசத் தொடங்கினார்கள். அமைப்பு அதை விரும்பவில்லை, வழக்காடியது. ஒருவர் அந்தச் சொல்லைப் பொதுச்சொல்லாகப் பயன்படுத்துமாறு பிறரைத் தூண்டுவதைத் தடுக்க முடியாது என்று 2007-இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2010-இல் அதே நீதிமன்றம், உள்ளூர்க் குழுக்கள் பெயரைப் பயன்படுத்தும் விதத்தை அமைப்பு மேற்பார்க்கவில்லை, எனவே வணிகக்குறி உரிமையைக் கைவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2009-இல் பிரிட்டன் குழுக்கள் பல பிரிந்து ‘ஃப்ரீகிள்’ ஆயின. 2013-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ‘பை நத்திங்’ தொடங்கியது. மூன்று பெயர்களும் சுட்டும் செயல் ஒன்றுதான். நமக்கு வேண்டியது அந்தச் செயலுக்கான சொல். அதுவும் வினையாகப் புரளக்கூடிய சொல்.

> இலவச மறுசுழற்சி. நேரடியானது, எல்லோருக்கும் புரியும்.

இரண்டு பாதியும் பிழை என்பது என் கருத்து. மறுசுழற்சி என்றால் தாளைக் கூழாக்குவதும் நெகிழியை உருக்குவதும்தான் நினைவுக்கு வருகின்றன. நாம் பேசும் தொட்டிலோ தொட்டிலாகவே அடுத்த வீட்டுக்குப் போகிறது.

‘இலவசம்’ இன்னும் கடினம். என் பேரன் வளர்ந்த பிறகு அவனுடைய மரத்தொட்டிலைப் படம்பிடித்து, ‘இலவசம், எடுத்துக்கொள்ளலாம்’ என்று குழுவில் போட்டேன். மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்திருந்த இளம்பெண் வந்து பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், சிரித்துவிட்டுப் போனாள். திரும்ப வரவில்லை. ‘இலவசமாக வாங்க வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை’ என்று அவளுடைய மாமியார் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. எனக்கு இரண்டு நாள் மனம் ஆறவில்லை. மறு வாரம் அறிவிப்பை மாற்றினேன்: ‘எங்கள் வீட்டில் புழங்கிய தொட்டில். பேரன் வளர்ந்துவிட்டான். எந்த வீட்டுக் குழந்தைக்குத் தரட்டும்?’ அதே மாமியார் வந்து, கையில் ஒரு ரூபாயை வைத்துவிட்டு, தொட்டிலைத் தூக்கச் சொன்னார். பிறந்த குழந்தைக்கு வீட்டார் உடுத்திப் பழகிய பழைய பருத்தித் துணியை முதலில் சுற்றுகிற வழக்கமுள்ள ஊர் நம்முடையது. பழைய பொருளை வாங்குவதில் இங்கு யாருக்கும் கூச்சமில்லை. அந்தச் சொல்லைத்தான் வாங்க முடியவில்லை.

‘விலையில்லாப் பொருள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். 2011-க்குப் பிறகு அரசு மிக்சியோடும் மடிக்கணினியோடும் ஒட்டிக்கொண்ட அடைமொழி அது. மேலிருந்து கீழே வருகிற பொருளைத்தான் அது சுட்டும்.

> கொடைச்சுழற்சி, ஈகைவலை – இரண்டில் ஒன்று?

அழகான சொற்கள்தாம். ஆனால் ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை’ என்று குறளே வரையறுத்துவிட்டது. வாங்குபவரை வறியவர் ஆக்காமல் அந்தச் சொல்லை இங்கே வைக்க முடியாது. எங்கள் குழுவில் குளிர்பதனப் பெட்டி தந்தவர் அடுத்த மாதம் அதே குழுவில் புத்தக அலமாரி கேட்டு வாங்கியிருக்கிறார். இவர்களில் யார் வள்ளல், யார் இரவலர்?

தொல்காப்பியம் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்கள். ஈ என்று கேட்பவன் இழிந்தோன், தா என்பவன் ஒப்போன், கொடு என்பவன் உயர்ந்தோன் என்கிறது அதன் எச்சவியல் என்னும் இயல். ‘தா என் கிளவி ஒப்போன் கூற்றே.’ கிளவியாக்கம் என்னும் இயலில் இன்னொன்றும் உண்டு: தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு. அதாவது தருவது எனக்கும் உனக்கும் இடையில் நடப்பது. கொடுப்பது எங்கோ இருக்கும் மூன்றாமவருக்கு. இன்றைய பேச்சில் இந்த வேறுபாடுகள் மங்கிவிட்டன என்பதை மறுக்கவில்லை. ஆனால் புதுச்சொல் ஆக்கும்போது வேர் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையில் இருக்கிறதே. பக்கத்து வீட்டாருக்கு இடையிலான இச்செயலுக்குத் ‘தா’வைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை.

> கைமாற்று?

திருப்பித் தர வேண்டிய சில்லறைக் கடனுக்கு அது உரியதாகிவிட்டது. விட்டுவிடுவோம்.

> ஈழத்தில் ‘மீள்பாவனை’ என்கிறோம். அதையே விரிக்கலாம்.

அங்கே அது நிலைபெற்ற நல்ல சொல். பாவிப்பது என்றால் பயன்படுத்துவது என்று பேச்சிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்குப் பாவனை என்றால் நடிப்பு. இரு கரையிலும் ஒன்றுபோல் விளங்கும் சொல் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் இரண்டும் இருக்கட்டும்.

> மறுவழங்கல். ‘வழங்கு’ என்பதற்குத் தருதல், நடப்பில் இருத்தல் என்று இரு பொருளும் உண்டு.

பேராசிரியர் அம்மா எழுதிய இந்த மடல்தான் என்னை நெடுநேரம் நிறுத்தியது. ஒரே வேரில் நாம் தேடும் இரண்டும் அடங்கிவிடுகின்றன. முந்நூறு ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். இன்று வழங்கல் என்றால் குடிமைப் பொருள் வழங்கல் துறை. வழங்கினார் என்றால் மேடையில் நிற்கும் அமைச்சர். நடப்பில் இருத்தல் என்ற பொருளைச் ‘சொல் வழக்கு’ போன்ற சில இடங்களுக்கு விட்டுவிட்டு, அந்த வினை அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதை மீட்பது கடினம்.

ஆனால் அம்மா காட்டிய திசை சரியானது. அதே திசையில் போனால் வழங்குக்குப் பக்கத்தில் ‘புழங்கு’ நிற்கிறது. அது அடுக்களையை விட்டு வெளியேறவில்லை. ‘தினமும் புழங்குகிற பாத்திரம்’, ‘யாரும் புழங்காத அறை’ என்று இன்றும் சொல்கிறோம். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் உரல், முறம், கூடை போன்றவற்றைப் ‘புழங்குபொருள்’ என்றே எழுதுகிறார்கள். பரணில் கிடக்கும் பொருள் புழக்கத்திலிருந்து போனது. அதை இன்னொருவர் கையில் வைத்தால் புழக்கத்துக்கு வருகிறது.

ஆகவே என் முன்மொழிவு: தருபுழக்கம். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. பழையதை எவ்வகையிலேனும் மீண்டும் பயன்படுத்துவது மறுபுழக்கம். தன்னிடமிருந்து பிறருக்குத் தந்து புழக்கத்தில் வைப்பது தருபுழக்கம். வினையாக ‘புழங்கத் தா’: ‘பழைய சைக்கிளைப் புழங்கத் தந்துவிட்டேன்.’ குழுவுக்குத் தருபுழக்கக் குழு.

எழக்கூடிய தடைகளில் இரண்டை நானே சொல்லிவிடுகிறேன். தரு என்றால் மரம் என்று வடமொழி அறிந்தவர் கேட்கலாம். சொற்றொடரில் வரும்போது அந்த மயக்கம் நிற்காது. ‘புழங்கத் தந்தேன்’ என்றால் திருப்பி வாங்குவது போல ஒலிக்கிறதே என்பது வலுவான தடை. திருப்பி வாங்குவதற்கு ‘இரவல்’ என்ற சொல் உயிரோடு இருப்பதால் நாளடைவில் பொருள் பிரிந்துவிடும் என்று நம்புகிறேன். அதுவரை ‘தந்துவிட்டேன்’ என்று முடிப்பது நல்லது.

2023 மே மாதத்தில் இந்திய நகரங்களில் பழைய துணி, புத்தகம், பொம்மை வாங்கிவைக்க மையங்கள் திறந்தபோது அவற்றுக்கு ‘ஆர்.ஆர்.ஆர். மையம்’ (குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்) என்று பெயர் வைத்தார்கள். தமிழில் ஆயத்தமாக ஒரு சொல் இருந்திருந்தால் அந்த மூன்று எழுத்துகளுக்கு வேலை இருந்திருக்காது. போகிக்கு நாலு நாள் முன்னால் தெருவில் டயரும் துணியும் குவிவதைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

ஃப்ரீசைக்கிள் குழுக்களில் அறிவிப்பின் தலைப்பில் தருவதா கேட்பதா என்று காட்டும் ஒரு குறிச்சொல்லை இடுவது வழக்கம். எங்கள் குழுவில் தொல்காப்பியரின் தருசொல், வருசொல்லை நினைத்து இப்படி மாற்றப்போகிறேன்: தருவது, வேண்டுவது, தந்தாயிற்று, வந்தாயிற்று. மூன்றாம் மாடி மாமியார் நேற்று அனுப்பிய அறிவிப்பை மாதிரிக்கு இந்தச் சொற்களில் திருத்தி, அவருடைய இசைவோடு கீழே இடுகிறேன். எங்கே இடறுகிறது என்று குழுவினர் சொல்லுங்கள். குறிப்பாக ஈழத்து நண்பர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

தருவது: மரத்தொட்டில், இரண்டு வீட்டில் புழங்கியது. ஒரு கொக்கி மட்டும் மாற்ற வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம். தூக்க இரண்டு பேர் வேண்டும்.