மறு: ஃபேஷன் எடிட்டர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கேள்வியைத் தொடங்கி வைத்தவள் நான்தான் என்பதால், இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பிரெஞ்சு ஃபேஷன் எடிட்டர் கரீன் ரோய்ட்ஃபெல்ட் பற்றிய ஒரு நெடுங்கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய விருப்பு வெறுப்புகள், அவர் எங்கிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்பதைப் பற்றிய கட்டுரை அது. முதல் வரியிலேயே அவர் என்ன தொழில் செய்கிறவர் என்று சொல்லியாக வேண்டும். அந்த வரியைத் தாண்ட முடியாமல்தான் இங்கே வந்தேன்.

> நவநாகரிக ஆசிரியர் என்று வைத்துவிடலாமே?

நாகரிகம் என்ற சொல்லோடு ஒழுக்கம், பண்பு எல்லாம் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அதற்குள் அடங்காதது அநாகரிகம் ஆகிவிடும். 1990களில் ஆடை வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டுடன் சேர்ந்து குச்சி (Gucci) என்ற ஆடை நிறுவனத்துக்காகக் கரீன் உருவாக்கிய விளம்பரப் படங்களுக்குப் பத்திரிகைகள் சூட்டிய பெயர் ‘போர்னோ ஷிக்’, அதாவது ஆபாசச் சாயல் கொண்ட ஒயில். அப்படிப் பெயர் வாங்கியவரை நவநாகரிக ஆசிரியர் என்று எழுதினால், அடுத்த பத்தியே அந்தப் பெயரோடு சண்டைக்கு நிற்கும்.

> ஆடை வடிவமைப்பாளர் என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, வடிவமைப்பவர் டாம் ஃபோர்ட். துணியை வெட்டுவதும் தைப்பதும் அந்தப் பக்கத்து வேலை. கரீனிடம் வருவது தைத்து முடித்த ஆடை. சட்டையின் எத்தனை பொத்தான்கள் திறந்திருக்க வேண்டும், கையை எதுவரை மடித்துவிட வேண்டும், காலில் என்ன, கூந்தல் வாரியதா கலைந்ததா, இந்த உடையில் இந்த நேரத்தில் படத்திலுள்ள பெண் எங்கே போகிறாள் என்றெல்லாம் முடிவு செய்வதுதான் அவர் வேலை. ஒரே ஆடையை இருவரிடம் கொடுத்தால் இரண்டு வெவ்வேறு பெண்கள் வந்து நிற்பார்கள். ‘ஒப்பனைக் கலைஞர்’ என்ற பரிந்துரையும் இதனால்தான் பொருந்தவில்லை. நம் திரைப்படங்களின் பெயர்ப் பட்டியலில் ஒப்பனை என்றால் முகப்பூச்சு என்றே நிலைத்துவிட்டது.

பதிப்பாசிரியர் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உ.வே.சா.வும் ஏட்டுச்சுவடிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. பாடம் பார்த்து, பிழை களைந்து, அச்சுக்குக் கொடுக்கிறவருக்குத் தமிழில் மரியாதையோடு நிலைத்திருக்கும் பெயர் அது. அதைக் கலைக்க வேண்டாம். இந்தத் தொழிலில் எழுத்தைத் தொடாமலே முழு வாழ்க்கையும் நடத்தலாம்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதில் தெளிவில்லை. அவர்கள் சொல்லும் ‘ரெடாக்ட்ரிஸ்’ எழுதுகிறவளைக் குறிக்கும் சொல். ‘ஸ்டிலிஸ்ட்’ என்றாலோ அங்கே பெரும்பாலும் ஆடை வடிவமைக்கிறவர் என்றே பொருள். ஆங்கிலத்தில் அதே சொல் வேறு ஆளைக் குறிக்கிறது. ஆகவே ஒலிபெயர்த்து எழுதினாலும் குழப்பம்தான். தொழிலைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

தொழிலைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கரீன் 1954இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை ரஷ்ய வழிவந்த திரைப்படத் தயாரிப்பாளர். கரீனின் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரைப்பட வீடுதான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு படத்திலும் ஒரு பாத்திரம் இருக்கிறாள், அவளுக்கு முன்கதை ஒன்று இருக்கிறது. கொஞ்ச காலம் மாடலாக இருந்துவிட்டு, ‘எல்’ (Elle) என்ற பெண்கள் இதழில் சேர்ந்தார். பிறகு புகைப்படக்காரர் மாரியோ டெஸ்டினோவோடு கூட்டு அமைந்தது. 2001இல் வோக் பாரிஸ் (Vogue Paris) என்ற ஃபேஷன் இதழின் முதன்மை ஆசிரியர் ஆனார், 2011 தொடக்கத்தில் விலகினார், 2012இல் தன் பெயரின் முதலெழுத்துகளோடு சொந்த இதழ் தொடங்கினார்.

அவரே அணிவது என்ன? முழங்காலைப் பிடித்து நிற்கும் குறுகிய பாவாடை, கூரிய உயரக் குதிகால், கண்ணைச் சுற்றிக் கரிய மை, முகத்தில் விழும் கூந்தல். கையில் பை இருக்காது. பையை விற்றே பிழைக்கும் ஒரு தொழிலில் வெறுங்கையோடு நடப்பது எனக்குப் பெரிய முடிவாகத் தெரிகிறது. தோள் சாயாது, நடை மாறாது.

அவர் எடுத்துக்கொண்ட இடங்களில் முதன்மையானது வோக் பாரிஸ் இதழின் பழைய பக்கங்கள் என்பேன். புகைப்படக்காரர்கள் ஹெல்முட் நியூட்டனும் கி பூர்தானும் 1960, 70களில் அங்கே எடுத்த படங்கள். வடிவமைப்பாளர் ஈவ் சேன் லோரான் ஆண்களின் இரவு விருந்துக் கோட்டைப் பெண்ணுக்காகத் தைத்தது 1966இல். அந்த உடையை 1975இல் நியூட்டன் பாரிஸின் ஓப்ரியோ தெருவில் படமெடுத்தார். ஒடுங்கிய தெரு, இரவு, விளக்கொளி, வாரிப் படிந்த கூந்தல், விரலிடையே சிகரெட். கோட்டின் தையலைப் பற்றி அந்தப் படம் அதிகம் பேசுவதில்லை. இவள் யார், இந்நேரத்தில் யாருக்காக நிற்கிறாள் என்ற கேள்விதான் மனத்தில் தங்குகிறது. கரீனின் பத்தாண்டு வோக்கைப் புரட்டினால் இந்தப் பெண்ணின் தங்கைகளைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம்.

இப்போது என் பரிந்துரைக்கு வருகிறேன்: உடைபுனைநர்.

புனைதல் என்ற வினையை எண்ணிப் பாருங்கள். மாலை புனைகிறோம், முடி புனைகிறோம், கோலம் புனைகிறோம். அதே வினையால்தான் கதையும் புனைகிறோம். அணிவிப்பதற்கும் கற்பனை செய்வதற்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இந்தத் தொழிலும் சரியாக அந்த இரண்டும்தான். நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்து அணிகளைக் களைந்து கிடக்கும் அரசியை ‘புனையா ஓவியம்’ போன்றவள் என்கிறார் புலவர். கோடு மட்டும் இழுத்து வண்ணம் தீட்டாத ஓவியம். வேண்டாததை எடுத்துவிடுவதையும் இந்த வினையை வைத்தே சொல்லிவிட முடிகிறது. கைப்பையை எடுத்துவிட்ட கரீனுக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குக் கிடைக்கவில்லை.

> புனைவு என்றால் பொய் என்று ஆகாதா? புனைசுருட்டு என்கிறோமே.

சுருட்டு சேர்ந்தால்தான் பொய். சிறுகதையையும் நாவலையும் இன்று புனைவு என்றே சொல்கிறோம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ‘-நர்’ ஈறும் புதிதல்ல. ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர் எல்லாம் பேருந்திலும் திரையிலும் பழகியவை. ஆண், பெண் இருவருக்கும் பொது. இந்த ஒரு காரணத்தால்தான், தலைவியை அலங்கரிப்பவளுக்குப் பழைய காப்பியங்கள் தரும் ‘வண்ணமகள்’ என்ற அழகான சொல்லை மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

‘உடை’ வேண்டாம், ‘கோலம்’ போதும் என்ற கருத்துக்கும் பதில்: மணக்கோலமும் தவக்கோலமும் நம் பேச்சில் இருந்தாலும், தனியே கோலம் என்றால் வாசலும் மாவும்தான் கண்முன் வரும்.

இதழின் தலைமைப் பொறுப்புக்கு ‘முதன்மை ஆசிரியர்’ என்றே இருக்கட்டும். ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம், இருக்காமலும் போகலாம். கரீனுக்குப் பின் 2011 முதல் 2021 வரை அந்த நாற்காலியில் இருந்த எம்மானுவேல் ஆல்ட்டும் உடைபுனைநராக வளர்ந்து வந்தவரே. ஆனால் ஒடுங்கிய ஜீன்ஸ், ஆண் தையலில் ஒரு கோட், எளிய டீ-ஷர்ட் என்பது அவர் ரசனை. இதழின் பெண்ணும் அதற்கேற்ப மாறினாள். மாறாக, 1954 முதல் 1966 வரை அதே பொறுப்பில் இருந்த எட்மோந்த் ஷார்ல்-ரூ எழுத்தாளர். விலகிய அதே ஆண்டில் தன் நாவலுக்குக் கோன்கூர் என்ற பிரெஞ்சு இலக்கியப் பரிசு பெற்றார். அவரை உடைபுனைநர் என்றால் தவறு. ஆசிரியர் என்றால் சரி. இரண்டு சொற்களும் தனித்தனியே வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

கட்டுரையில் வரும் இன்னொரு சொல்லான ‘இன்ஸ்பிரேஷன்’ பற்றிச் சுருக்கமாக. உத்வேகம் என்றால் வேகம்தான் தெரிகிறது, எங்கிருந்து வந்தது என்பது தெரிவதில்லை. கட்டுரையில் ‘ஊற்றுக்கண்’ என்று எழுதியிருக்கிறேன்: “நியூட்டனின் படங்கள் அவருக்கு ஊற்றுக்கண்.” ‘டேஸ்ட்’ என்பதற்கு ரசனையே போதும்.

புழங்கிப் பார்க்க மூன்று வாக்கியங்கள்:

“கரீன் ரோய்ட்ஃபெல்ட் பாரிஸைச் சேர்ந்த உடைபுனைநர்.”
“படம்: மாரியோ டெஸ்டினோ. உடைபுனைவு: கரீன் ரோய்ட்ஃபெல்ட்.”
“அந்தப் படங்களுக்கு உடைபுனைந்தவர் யார்?”

மூன்றையும் வாய்விட்டுப் படித்தேன், எங்கும் இடறவில்லை. இடறுவது ஓரிடத்தில்தான். ஒரே பாத்திரத்தை வைத்துப் பத்துப் பன்னிரண்டு பக்கம் நீளும் படங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘செரி’ என்கிறார்கள். நான் ‘படத்தொடர்’ என்று போட்டிருக்கிறேன், தொலைக்காட்சித் தொடர் குறுக்கே வந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும். அதற்குள் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.