குன்னூரில் தகரக் கூரை மேல் சோலார்: 2 கிலோவாட்டா, 3 கிலோவாட்டா?

கேள்வி (அருவங்காடு வீடு)
வீட்டில் 4 பேர். இரண்டு மாத ரீடிங் 700 யூனிட் பக்கம் வருது. தினமும் கீசர், டிசம்பர்-ஜனவரியில் ரூம் ஹீட்டர். தெற்குச் சரிவுள்ள தகரக் கூரை, கிழக்கே ரெண்டு சில்வர் ஓக் மரம். 3 கிலோவாட் போட்டு பில்லையே ஜீரோ ஆக்கிடலாம்னு தம்பி சொல்றான். "100 யூனிட் இலவசமா வருது, பாதி வருஷம் மூடுபனி, எதுக்குக் காசைக் கரைக்கணும்"னு அப்பா. கரண்ட் சர்வீஸ் தாத்தா பேர்ல இருக்கு. என்ன செய்யலாம்?

பதில் (கோத்தகிரி எலக்ட்ரீஷியன்)
ஜீரோ பில் ஆசையை விடுங்க. 500 யூனிட்டைத் தாண்டினா 101-200க்கான சலுகை விலை போயிடும், 500க்கு மேல ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல. நீங்க குறைக்க வேண்டியது அந்த மேல் 200 யூனிட்டைத்தான். நெட் மீட்டரில், அதாவது எடுத்த கரண்டையும் திருப்பிக் கொடுத்த சோலார் கரண்டையும் அளக்கிற மீட்டரில், ரெண்டும் கழிஞ்ச மிச்ச யூனிட்டுக்குத்தான் ஸ்லாப் (யூனிட் அளவு வாரியான விலைப் படி). கீழ் ஸ்லாபின் மலிவு யூனிட்டுக்காக மூணாவது கிலோவாட் போட்டா, போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மானியமும் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000.

நல்ல வெயிலில் கிலோவாட்டுக்கு 4 யூனிட், அடர்ந்த மூடுபனியில் 1 கூட வராது. அதனால ஜூலை பில்லை வச்சு முடிவெடுக்காதீங்க, வருஷக் கணக்கு பாருங்க. குளிரில் பேனல் சமவெளியைவிட நல்லாவே வேலை செய்யும்.

காலையில் ஓக் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மொத்த ஸ்ட்ரிங்கும் (வரிசையாக இணைச்ச பேனல்கள்) உற்பத்தியில் இறங்கும். பேனலுக்குத் தனித்தனியா வைக்கிற மைக்ரோ இன்வெர்ட்டர் கேளுங்க. மரத்தை வெட்ட நினைச்சா முதலில் வனத்துறை அனுமதி.

பேனல் ஸ்டாண்டின் ஸ்க்ரூ தகரத்தின் மேட்டில் இறங்கி, கீழே பர்லினை (தகரத்தைத் தாங்குற குறுக்குச் சட்டம்) பிடிக்கணும், ரப்பர் வாஷரோட. பள்ளத்தில் துளை போட்டா முதல் மழையிலேயே ஒழுகும். சர்வீஸை முதலில் பெயர் மாற்றுங்க, மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவர் பெயரும் அதுவும் ஒண்ணா இருக்கணும்.

மரம் விழுந்து கரண்ட் போனா ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோட சேர்ந்து ஓடுற) இன்வெர்ட்டரும் நின்னுடும். அப்பாகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

பதில் (ஊட்டி, பிளம்பிங்)
பேனலுக்கு முன்னாடி கீசரைப் பாருங்க. 12 டிகிரி தண்ணி 100 லிட்டரை 45 டிகிரிக்குக் கொண்டுவர 4 யூனிட் கிட்ட ஆகும். தினமும்னா இரண்டு மாதத்தில் 240. 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இதில் பெரும்பகுதியைக் குறைக்கும், மூடுபனி நாளுக்குக் கீசர் இருக்கட்டும்.

கண்ணாடிக் குழாய் வகையே வாங்குங்க. தட்டை வகையில் உள்ள செம்புக் குழாய் உறைபனி இரவில் வெடிக்கும். வானம் தெளிஞ்சிருந்தா காற்று 3 டிகிரியில் இருந்தாலும் கூரை மேல தண்ணி உறையலாம். வெளியே போகிற பைப்பு, டேங்க் ஏர் வென்ட் (காற்று போய் வர்ற குழாய்) ரெண்டுக்கும் தடிமனா இன்சுலேஷன் கட்டுங்க. வென்ட் உறைஞ்சு அடைச்சா, தண்ணி இறங்கும்போது டேங்க் உள்வாங்கி நசுங்கும்.

கேள்வி கேட்டவர்
கண்ணாடிக் குழாய் உடையும்னு சொல்றாங்களே?

பதில் (ஊட்டி, பிளம்பிங்)
வெயிலில் காலியாகக் காய்ஞ்ச குழாயில் பச்சைத் தண்ணி விட்டா உடையும். முதல் தடவை விடியற்காலையில் நிரப்புங்க. குரங்கு ஏறுகிற இடமா இருந்தா மேலே கம்பி வலை அடிச்சிடுங்க.