மகளின் பட்டமளிப்பு விருந்துக்கு அழைப்பிதழ் வாசகம் வேண்டும்

வணக்கம். என் மகள் பி.எஸ்சி. நர்சிங் பட்டம் வாங்கிவிட்டாள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மதுரைப் பக்கம் எங்கள் ஊரில் சொந்தபந்தங்களுக்கு மதிய விருந்து வைக்கிறோம்.

அச்சகத்தில் காட்டிய மாதிரிகள் எல்லாம் கல்யாணம், காதணி விழா, புதுமனை புகுவிழாவுக்கானவை. இங்கே விசேஷம் என்றாலே மொய் உண்டு; நாங்கள் வாங்கப்போவதில்லை. 'அன்பளிப்பு தவிர்க்கவும்' என்று மட்டும் போட்டால் வெடுக்கென்று தெரிகிறது. பெரியவர்கள் மனம் நோகாமல் எப்படி எழுதலாம்?

அப்புறம், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் என் அம்மா பெயர்தான் முதலில் வர வேண்டும். கூலி வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தவர். கணவரை இழந்தவர் என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்குத் துளியும் தயக்கமில்லை. அவரைப் பெருமைப்படுத்தி இரண்டு வரி எழுதித் தாருங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.