கோலாலம்பூரில் 10 மணி நேரம்: வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாமுங்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நெடும்பாசேரி (கொச்சி) – கோலாலம்பூர் – பெர்த், ஒரே டிக்கெட். காலை 7 மணிக்கு டெர்மினல் 2-ல் இறங்குது, அடுத்த விமானம் மாலை 5-க்கு. ரெண்டு பேர், வீட்டுக்காரம்மா சுத்த சைவம். நம்மாளுங்க கடைங்க இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸ் வரை போக நேரம் பத்துமுங்களா? விசா வேணுமா?

வேலந்தாவளம்:
தாராளமா பத்துமுங்க. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமலே 30 நாள் அனுமதி. ஆனா எம்டாக் (MDAC)ங்கிற மலேசிய ஆன்லைன் வருகைப் படிவத்தை இறங்குற நாளுக்கு முந்தின 3 நாளுக்குள்ள நிரப்பணும். அது இலவசம், காசு கேக்குற தளம் எதுவும் அரசாங்கத்தோடது இல்லை.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்க. 5 மணி விமானத்துக்கு 2 மணிக்கே டெர்மினல்ல இருக்கணும். குடிநுழைவு வரிசைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. ஏர்போர்ட்டிலிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் ஊருக்குள்ள இருக்கிற கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு 33 நிமிஷம், ஒரு ஆளுக்கு ஒரு வழி 55 ரிங்கிட். 9 மணிவாக்கில் ஊருக்குள்ள இருப்பீங்க, 1 மணி ரயிலுக்குத் திரும்பணும். ஆக, கையில் 4 மணி நேரம். கிராப் வண்டி (ஆப்பில் கூப்பிடுற டாக்சி) நாலு பேருக்குன்னா மலிவு, ஆனா காலை நெரிசல்ல மாட்டினா அவ்வளவுதான்.

நெடும்பாசேரி கவுன்டர்லயே பெட்டி டேக்கில் பெர்த்னு இருக்கான்னு பாருங்க, ரெண்டாவது போர்டிங் பாஸையும் வாங்கிடுங்க. தனித்தனி டிக்கெட்காரங்க பெட்டியை எடுத்து மறுபடி போடணும். அவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மீனாட்சிபுரம் பார்டர்:
சாப்பாட்டு விஷயம் நான் சொல்றேன். கேஎல் சென்ட்ரலிலிருந்து நு சென்ட்ரல் மால் வழியா இறங்கினா துன் சம்பந்தன் சாலை, அதுதான் பிரிக்ஃபீல்ட்ஸ். நடக்கிற தூரம். காலையில் ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி), தே தாரிக் (ஆத்தின பால் டீ). தே தாரிக்கில் கண்டென்ஸ்டு மில்க் ஊத்துவாங்க, திகட்டும். "கூராங் மானிஸ்"னு சொன்னா இனிப்பைக் குறைப்பாங்க.

வாழையிலைச் சாப்பாடு 11 மணிவாக்கில்தான் சூடா கிடைக்கும், அதுக்கு முன்னாடி போய் உக்காராதீங்க. சோறு, பொரியல், ரசம் கேட்டா பெரும்பாலும் மறுபடி வரும். வறுத்த மீன், இறால் எல்லாம் தனிக் காசு. விலை கேட்டுட்டு வாங்குங்க.

வீட்டுக்காரம்மாவுக்கு: நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கூட வர்ற காரச் சம்பல்ல நெத்திலி இருக்கும், பல சம்பல்ல பெலச்சான்னு இறால் விழுது இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ரொட்டிக்குக் குழம்பு ஊத்தும்போதும் மீன் குழம்பைக் கலந்து ஊத்துற பழக்கம் உண்டு. "பருப்பு மட்டும்"னு முதல்லயே சொல்லிடணும். கடைக்காரங்களுக்குத் தமிழ் பெரும்பாலும் புரியும்.

எல்லைச்சாவடி:
கொஞ்சம் பொறுங்கப்பா. முதல் விமானம் ரெண்டு மணி நேரம் தாமதமானா இந்தத் திட்டத்தை அங்கேயே விட்டுடுங்க. டெர்மினல் 2-ல் குடிநுழைவைத் தாண்டினதும் மால் இருக்கு, அதிலேயே நல்லா சாப்பிடலாம். 6 மணி நேர இடைவெளிக்கு வெளியே ஓடுறது வீண்.

இன்னொண்ணு: பெரிய பெட்டி நேரா பெர்த் போயிடுறதால வாங்குறதெல்லாம் கைப்பையில்தான். 100 மில்லிக்கு மேல் இருக்கிற சம்பல் பாட்டில் பாதுகாப்புச் சோதனையில் குப்பைக்குப் போகும். பெர்த்தில் எந்தத் தின்பண்டமா இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டுங்க. எழுதினா அதிகபட்சம் எடுத்துக்குவாங்க, மறைச்சா அபராதம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க. ட்வின் டவர் பார்க்க நேரம் இருக்குமா?

மீனாட்சிபுரம் பார்டர்:
இலையா, டவரா, ஒண்ணைத்தான் பார்க்க முடியும்.