சிஎம்வைகேக்கு (நாலு மை அச்சு நிறமுறை) மாற்றினால் குளத்து நீலம் ஊதாவாகிறது: உதவி தேவை

கிளிநொச்சியில் அச்சாகும் ஒரு நூலுக்கான இரணைமடுக் குளம், வயல், பனங்கூடல் படங்கள். 100 ஜிஎஸ்எம் பூச்சில்லாத வெள்ளைக் கடதாசி, ஒப்செட் அச்சு. மாதிரித் தாளில் தண்ணீர் ஊதாவாக வந்திருக்கிறது. பனையடி நிழலில் மை அப்பி, எதிர்ப்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது.

மூலப் படங்கள் எஸ்ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை), அச்சளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல். அச்சகம் சொன்னபடி போட்டோஷொப்பில் ஃபோக்ரா39 என்ற புரொஃபைலுக்கு (கடதாசிக்கும் மைக்கும் ஏற்ற நிற அளவுக் கோப்பு) மாற்றியது, ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்ற மாற்று முறையில். ஃபோக்ரா39 பூச்சுக் கடதாசிக்கானது. இந்தக் கடதாசி மையை உறிஞ்சி அச்சுப் புள்ளியைப் பருக்க வைக்கும். ஆகவே அடுத்த மாதிரி பூச்சில்லாத கடதாசிக்கான ஃபோக்ரா47இல் போனது. நாலு மையும் சேர்ந்த மொத்த மை 300 சதவீதத்துக்குள் இறங்கி நிழல் திருந்திவிட்டது. வயலின் இளம்பச்சை மங்கியதைப் பொறுக்கலாம், அது எப்படியும் நாலு மைக்குள் அடங்காது. தண்ணீர்தான் இன்னும் ஊதா. அளந்தால் சியான் (நீல மை) 82 சதவீதம், மஜெந்தா (இளஞ்சிவப்பு மை) 68 சதவீதம். பெர்செப்சுவல் என்ற மற்ற மாற்று முறையிலும் பெரிய வித்தியாசமில்லை. அச்சகத்திடம் சொந்த புரொஃபைல் கிடையாது, "சிஎம்வைகேயில தாங்கோ, காணும்" என்கிறார்கள். அடுத்த கிழமை பிளேட் அடிக்கிறார்கள்.

இப்படியான கடதாசியில் நீலம் நீலமாகவே நிற்க, மஜெந்தாவைச் சியானைவிட எத்தனை சதவீதம் கீழே வைக்கிறீர்கள்?